எஃகுக் குழாயின் வயது

1935 வாக்கில் துரிங்கியக் காட்டில் மான் வேட்டைக்குப் போன ஒரு ஜெர்மானியரிடம், அவர் துப்பாக்கி மேல் இருக்கும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய், எந்த வருடத்தியது என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும். அவரே வாங்கியது, அல்லது அப்பா வாங்கிக் கொடுத்தது. அதைத் துப்பாக்கியில் பூட்டித் தந்த ஸூல் நகரத்துப் பட்டறைக்காரர் அதே தெருவில்தான் இருப்பார். ஸ்கோப் செய்யும் நிறுவனங்கள் இருந்த யேனாவிலிருந்தோ வெட்ஸ்லாரிலிருந்தோ வந்த விலைப்பட்டியல் மேசை இழுப்பறையில் கிடக்கும். குழாயின் வயது என்பது குடும்பத்துக்குத் தெரிந்த சங்கதி. அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு வித்தை வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே குழாய் தனியாக வருகிறது. தாத்தாவின் அலமாரியைக் காலி செய்யும்போது பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடைக்கிறது. ஏலத்தில் நாலைந்து குழாய்களோடு ஒரே பெட்டியில் வருகிறது. 1945-ல் ஒரு சிப்பாயின் பையில் கடல் தாண்டி, அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலத்தில் எண்பது வருடம் தூங்கியபின் வெளியே வருகிறது. துப்பாக்கி இல்லை, ரசீது இல்லை, பூட்டியவர் பெயர் இல்லை. கறுத்த எஃகும், இரண்டு முனையில் கண்ணாடியும், தேய்ந்த சில எழுத்துகளும்தான் மிச்சம். இது யார் செய்தது, எப்போது செய்தது என்ற இரண்டு கேள்விக்கும் அந்தக் குழாயே பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய ஜெர்மன் ஸ்கோப் அந்தப் பதிலைச் சொல்லும் என்பதுதான் என் நம்பிக்கை. அந்த நாட்டில் சட்டம் மாறியபோது, எல்லை மாறியபோது, தொழிற்சாலை கைமாறியபோது, ஒவ்வொரு தடவையும் குழாயின் மேல் ஒரு எழுத்தாவது மாறியிருக்கிறது. ஆனால் ஒரே ஒரு எழுத்தைப் பார்த்து முடிவு கட்டினால் அது ஏமாற்றிவிடும். இன்றைக்கு நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளை. டி.ஆர்.பி. என்று பொறித்திருந்தால் ஜெர்மன் ரைஷின் காப்புரிமை. அந்த முறை 1877-ல் தொடங்கி 1945-ல் ரைஷோடு முடிந்தது. டி.ஆர்.ஜி.எம். என்றால் பயன்பாட்டு வடிவத்துக்கான பதிவு. அது 1891-க்குப் பிறகுதான் வர முடியும். மேற்கு ஜெர்மனி 1949-ல் உருவானபின் இந்த இரண்டிலும் நடுவில் இருந்த ‘ரைஷ்’ போய், கூட்டாட்சியைக் குறிக்கும் ‘பி’ வந்து உட்கார்ந்தது: டி.பி.பி., டி.பி.ஜி.எம். ஒரே ஒரு எழுத்து. அதைத் தெளிவாகப் படிக்க முடிந்தால் ஒரு உலகப் போரின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஜெர்மனியில் செய்தது’ என்று இருந்தால் அது வெளிநாட்டு விற்பனைக்குப் போன சரக்கு. இப்படி நாட்டின் பெயரைப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது 1887-ல் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிச் சட்டம். ‘யூ.எஸ். ஸோன்’ என்று இருந்தால் காலம் இன்னும் குறுகுகிறது. தோற்ற ஜெர்மனியை நான்கு படைகள் பங்கு போட்டிருந்தபோது, அமெரிக்கப் பகுதியிலிருந்து ஏற்றுமதியானது அது. 1940-களின் கடைசி வருடங்களுக்கான குறி.

பிறகு பெயர். போருக்கு முந்தைய ஜெர்மனியில் ஸ்கோப் செய்தவர்கள் நிறையப் பேர். யேனாவில் கார்ல் ஸைஸ்; 1846-ல் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கி, ஏர்ன்ஸ்ட் அபேயின் கணக்கும் ஓட்டோ ஷாட்டின் கண்ணாடியும் சேர்ந்தபின் உலகின் முதல் வரிசைக்கு வந்த நிறுவனம். வெட்ஸ்லாரில், மோரிட்ஸ் ஹென்ஸோல்ட் 1852-ல் ஸோன்னெபெர்க்கில் தொடங்கிப் பிறகு அங்கே கொண்டுவந்து, அவர் மகன்கள் வளர்த்த நிறுவனம். பெர்லினில் கெர்ட்ஸ், ஆயாக். ராத்தெனோவில் எமில் புஷ். பிரவுன்ஷ்வைக்கில் ஃபோக்ட்லெண்டர். ஸைஸின் ஸ்கோப் வரிசையில் பெயரே உருப்பெருக்கத்தைச் சொல்லிவிடும்: ஸீல்ஃபீர் என்றால் 4 மடங்கு, ஸீல்ஆஹ்ட் என்றால் 8 மடங்கு. நிறுவனப் பெயரும் தேதி சொல்லும். கெர்ட்ஸ் 1926-ல் ஸைஸ் இக்கோனில் கரைந்துவிட்டது. ஆகவே கெர்ட்ஸின் பெர்லின் முகவரி உள்ள, ஸெர்ட்டார் என்ற மாதிரி ஸ்கோப்பை 1930-களுக்குத் தள்ளுவது கடினம். ஹென்ஸோல்ட் 1922-ல் பங்கு நிறுவனமானது. பெயருக்குப் பின்னால் பங்கு நிறுவனம் என்பதற்கான குறி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கோடு கிழிக்கிறது.

ஆயாக் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்து எண்ணை இந்தக் காலத்துக் கண்ணால் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஔகுஸ்ட் யாக்கென்க்ரோல் என்பவரின் பெர்லின் நிறுவனம் அது. அதன் புகழ்பெற்ற ஸ்கோப்பில் 4×90 என்று பொறித்திருக்கும். இன்றைய வழக்கப்படி இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அப்படிப் படித்தால் 90 மில்லிமீட்டர் லென்ஸ் என்று ஆகிறது, குழாயோ கைக்கு அடக்கமாக இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள், இது போலியோ, எழுத்து தவறோ என்று குழம்புகிறார்கள். உண்மையில் அந்த 90 ஒளிர்வு எண். முன் லென்ஸ் 38 மில்லிமீட்டர். அதை உருப்பெருக்கமான 4-ஆல் வகுத்தால் 9.5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 9.5-ஐ அதாலேயே பெருக்கினால் 90.25. அதைத்தான் 90 என்று போட்டார்கள்.

அன்றைய வேட்டைக்காரருக்கு அந்த எண்தான் முக்கியம். ஜெர்மன் வேட்டை பெரும்பாலும் அந்தி மங்கும் நேரத்தில், காட்டோரப் பரணில் உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டை. காட்டுப்பன்றி நிலா வெளிச்சத்தில்தான் வயலுக்கு இறங்கும். எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட, இருட்டில் எதுவரை தெரிகிறது என்பதற்குத்தான் அவர் பணம் கொடுத்தார். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும். அதற்கு மேலும் அகலமான கற்றை வந்தால், அவசரத்தில் கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் படம் கறுத்துவிடாது. அந்தத் தேவை இன்றும் போகவில்லை. 8×56 என்று இன்றும் ஜெர்மன் கடைகளில் விற்கும் ஸ்கோப் அதே பரணுக்காகத்தான். எண் எழுதும் முறை மட்டும் மாறியிருக்கிறது.

இந்த ஆயாக் ஸ்கோப்தான் ஸ்வீடன் ராணுவத்தின் 1941-ஆம் வருட மாதிரி ஸ்னைப்பர் துப்பாக்கியில் ஏறியது. பிறகு ஸ்வீடன் தன் சொந்த நிறுவனமான ஆகாவிடமிருந்து ஸ்கோப் வாங்கத் தொடங்கியது. ஆகவே ஆயாக் குழாயில் ஸ்வீடன் ராணுவக் குறி இருந்தால் அது யாரோ பின்னால் பொறித்த விஷமம் என்று நினைத்துவிடக் கூடாது.

வேட்டைக்கும் போருக்கும் நடுவே இந்தக் குழாய்கள் பல தடவை போய்வந்திருக்கின்றன. 1914-ல் அகழிப் போர் தொடங்கியபோது ஜெர்மன் ராணுவத்திடம் போதிய ஸ்கோப் துப்பாக்கிகள் இல்லை. வேட்டைக்காரர்களிடம் இருந்தவற்றைத் திரட்டும் பணியை ராத்திபோர் பிரபு முன்னின்று நடத்தினார். திரட்டியவற்றில் பல, பழைய 1888 மாதிரித் தோட்டாவுக்கானவை. ராணுவத்தின் புதிய கூர்முனைத் தோட்டாவை அவற்றில் போட்டால் ஆபத்து. அதனால் துப்பாக்கியின் கட்டையிலேயே, 88 தோட்டா மட்டும்தான் போடவேண்டும் என்று எச்சரிக்கைத் தகடு அடித்தார்கள். அதன்பின் 98 மாதிரித் துப்பாக்கியையே ஸ்கோப்போடு செய்ய ஆரம்பித்தார்கள். கெர்ட்ஸ், ஸைஸ், புஷ், ஃபோக்ட்லெண்டர் எல்லோரும் தந்தார்கள். 1919-ல் வெர்சாய் ஒப்பந்தம் வந்து ராணுவம் ஒரு லட்சம் பேருக்குச் சுருங்கியது. மிச்சமான ஸ்கோப்கள் மறுபடி காட்டுக்கே போயின. 1939-க்குப் பிறகு மறுபடியும் கடையில் விற்ற ஸீல்ஃபீரையும், ஹென்ஸோல்டின் டியாலிட்டானையும், ஆயாக்கையும் ராணுவம் வாங்கிப் பூட்டியது. ஆகவே குழாயில் ராணுவத்தின் கழுகு முத்திரை இருப்பதால் அது போருக்காகவே பிறந்தது என்றும் ஆகாது. முத்திரை இல்லாததால் போரைப் பார்க்கவில்லை என்றும் ஆகாது.

போருக்காகவே பிறந்தவற்றை அடையாளம் காண்பது எளிது. இஸட்.எஃப்.41 என்ற சின்னக் குழாய் 1.5 மடங்குதான் பெரிதாக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் இல்லாமல், துப்பாக்கியின் பின்குறிக்கு மேலேயே முன்னால் தள்ளிப் பூட்டியிருக்கும். இஸட்.எஃப்.4 அரைத் தானியங்கித் துப்பாக்கிக்காகப் பின்னர் வந்தது. இவற்றில் நிறுவனப் பெயர் இருக்காது. எந்தத் தொழிற்சாலை எதைச் செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, 1940-41 முதல் சிறிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறி போட்டார்கள்.

அன்று மறைப்பதற்காகப் போட்ட அந்த மூன்றெழுத்துதான் இன்று அடையாளம் காண்பதற்கு முதல் பிடி. குறிகளின் ரகசியப் பட்டியல் போருக்குப் பின் கைக்குக் கிடைத்து, அச்சாகி, இன்று எல்லோருக்கும் எட்டுகிறது. பி.எம்.ஜே. என்றால் வெட்ஸ்லாரின் ஹென்ஸோல்ட். பி.எல்.சி. யேனாவின் ஸைஸ். ஸி.எக்ஸ்.என். ராத்தெனோவின் புஷ். டி.டி.எக்ஸ். பிரவுன்ஷ்வைக்கின் ஃபோக்ட்லெண்டர். ஸி.ஏ.ஜி. ஆஸ்திரியாவின் வாட்டென்ஸில் இருந்த ஸ்வரோவ்ஸ்கி; படிகக் கல் நகை செய்த அதே குடும்பம். டி.ஓ.டபிள்யூ. இன்றைய செக் நாட்டின் ப்ரெரோவில் இருந்த ஆப்டிகோடெக்னா.

இந்தக் குறிகளின் பின்கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்வரோவ்ஸ்கி 1949-ல் அப்ஸாமில் ஒளியியலுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. இன்று வேட்டை ஸ்கோப் உலகின் முன்னணிப் பெயர்களில் அது ஒன்று. ஆப்டிகோடெக்னா 1946-ல் மெயோப்டா என்று பெயர் மாறி, அதே ஊரில் இன்றும் ஸ்கோப் செய்கிறது. 1756-ல் வியன்னாவில் பிறந்த ஃபோக்ட்லெண்டரை 1956-ல் ஸைஸ் அறக்கட்டளை வாங்கியது. 1970-களின் தொடக்கத்தில் பிரவுன்ஷ்வைக் தொழிற்சாலை மூடப்பட்டது. ஹென்ஸோல்ட் வெகு முன்பே, 1928-ல், ஸைஸின் கைக்குப் போயிருந்தது. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் ஸைஸ் தன் வேட்டை ஸ்கோப்களை ஹென்ஸோல்டின் வெட்ஸ்லார் தொழிற்சாலையிலேயே செய்தது. காலப்போக்கில் குழாயில் ஹென்ஸோல்ட் என்ற பெயர் மங்கி ஸைஸ் மேலெழுந்தது. இன்று ஹென்ஸோல்ட் என்ற பெயரைத் தேடினால் ரேடார் செய்யும் ஒரு பாதுகாப்பு நிறுவனம்தான் முதலில் வரும். 2017-ல் ஏர்பஸின் மின்னணுப் பிரிவு தனியானபோது எடுத்துக்கொண்ட பெயர் அது. தாத்தாவின் குழாயில் ஹென்ஸோல்ட் என்று படித்து அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுபவர் தவறான கதவைத் தட்டுகிறார்.

ஸைஸ் பெயருக்கு நேர்ந்தது இன்னும் பெரிது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவுக்குள் நுழைந்தது. ஊர் சோவியத் பகுதிக்குள் போகப் போகிறது என்று தெரிந்ததும், ஜூனில் நிறுவனத்தின் முக்கிய நிபுணர்களைக் குடும்பத்தோடு ஏற்றி மேற்கே ஹைடன்ஹைமுக்குக் கொண்டுபோனார்கள். 1946 அக்டோபரில் இரண்டு காரியம் நடந்தது. மேற்கே ஓபர்கோகனில் ஒரு புதிய நிறுவனம் பதிவானது. கிழக்கே யேனாவில் மிச்சமிருந்த நிபுணர்களில் பலரைச் சோவியத் அரசு ரஷ்யாவுக்கு ரயிலேற்றியது. மேற்கு நிறுவனம் சில வருடங்கள் ‘ஸைஸ்-ஓப்டோன்’ என்று பொறித்தது. 1950-களின் நடுவில் மறுபடி ‘கார்ல் ஸைஸ்’ ஆனது. கிழக்கு நிறுவனம் 1948-ல் அரசுடைமையாகி, ‘கார்ல் ஸைஸ் யேனா’ என்ற பழைய பெயரைத் தொடர்ந்தது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டும் பல நாட்டு நீதிமன்றங்களில் மோதி, 1971-ல் லண்டனில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மேற்கில் விற்கும்போது யேனா நிறுவனம் ‘யேனோப்டிக்’, ‘அவுஸ் யேனா’ போன்ற பெயர்களைப் போட்டது.

ஆக, ‘ஓப்டோன்’ என்ற சொல் இருந்தால் சில வருடங்களுக்குள் தேதி கிடைத்துவிடுகிறது. இவ்வளவு கூர்மையான குறி ஸ்கோப்பில் அபூர்வம். ‘கார்ல் ஸைஸ் யேனா’ என்பதோ எதையும் சொல்வதில்லை. 1910-லும் அதுதான், 1980-லும் அதுதான். அங்கே குழாயின் மற்ற உறுப்புகளைத்தான் கேட்க வேண்டும்.

அவற்றில் முதல் சாட்சி கண்ணாடி. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் காற்றைத் தொடும் பரப்புகள் பத்தேனும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால், உள்ளே நுழைந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கு வராமலே போய்விடுகிறது. அந்தியில் வேட்டையாடும் ஒருவருக்கு அது பெரிய இழப்பு. உக்ரைனில் பிறந்து ஸைஸில் வேலை செய்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா இதற்கு வழி கண்டார். வெற்றிடத்தில் ஃபுளோரைடு உப்பை ஆவியாக்கி, ஒளி அலையின் கால்பங்கு தடிமனில் கண்ணாடி மேல் படியவைத்தால், பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காப்புரிமைத் தேதி 1935 நவம்பர் 1. ஆனால் அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. ராணுவ ரகசியமாக வைத்திருந்து, போர்க் கருவிகளுக்குத்தான் முதலில் தந்தார்கள். பூசிய கண்ணாடிக்கு ‘டி’ என்ற குறி. ஸ்மாகுலா போருக்குப் பின் அமெரிக்கா போய், எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

பார்க்கும் முறை எளியது. முன் லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, அதில் ஜன்னலின் பிரதிபலிப்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. நீலமோ ஊதாவோ என்றால் ஒற்றைப் பூச்சு. பச்சையும் செம்பும் கலந்த பல நிறம் என்றால் பல அடுக்குப் பூச்சு, அது 1970-களுக்குப் பிந்தையது. இதை வைத்துத் தேதி சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950-களில் பழுதுபார்க்கப் போன பழைய ஸ்கோப்களுக்குத் தொழிற்சாலைகள் புதிதாகப் பூச்சு போட்டுத் தந்திருக்கின்றன. நீலக் கண்ணாடி உள்ள எல்லாம் போர்க்காலம் அல்ல. வெள்ளைக் கண்ணாடி உள்ள எல்லாம் போருக்கு முந்தியதும் அல்ல. உள் லென்ஸ்களில் பூச்சு இல்லாமல் வெளியில் மட்டும் இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

அடுத்தது குறிக்கம்பியும் திருகும். பழைய ஜெர்மன் ஸ்கோப்பின் மேல் ஒரே ஒரு குமிழ்தான் இருக்கும். தூரத்துக்கேற்ப அதைத் திருகினால் உள்ளே குறிக்கம்பியே ஏறும், இறங்கும். பக்கவாட்டில் திருத்த ஸ்கோப்பில் வழி கிடையாது. பட்டறைக்காரர் பிடியின் அடித்தளத்தைத் தட்டி நகர்த்துவார். அதனால் பழைய ஸ்கோப் வழியாகப் பார்த்தால் குறி வட்டத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியே நிற்கும். இன்றைய கண்ணுக்கு அது பழுது போலத் தோன்றுகிறது. பழுதில்லை, அந்தத் துப்பாக்கிக்கு ஏற்ப அமர்ந்திருக்கும் இடம் அது. இன்றைய ஸ்கோப்பில் இரண்டு குமிழ்கள் உண்டு. எப்படித் திருகினாலும் குறி நடுவிலேயே நிற்கும். நகர்வது படம்தான். இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. ஒற்றைக் குமிழ் ஸ்கோப்கள் போருக்குப் பின்னும் சில காலம் விற்றன. ஆகவே ஒற்றைக் குமிழ் என்பது ஒரு சாய்வைத்தான் காட்டும், தீர்ப்பைத் தராது.

குழாயின் உலோகமும் அதன் அடிப்புறமும் நான் மிகவும் மதிக்கும் சாட்சிகள். அன்று பெரும்பாலும் எஃகுக் குழாய். ஸூல் பட்டறைக்காரர் அதன் மேல் வளையங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, கீழே கொக்கிக் கால்களை அரத்தால் ராவி, துப்பாக்கியின் முதுகில் வெட்டிய பள்ளங்களில் பொருத்துவார். முன்கால் உள்ளே நுழையும், பின்கால் சொடக்கென்று பூட்டிக்கொள்ளும். கழற்றி மாட்டினாலும் குண்டு அதே இடத்தில் விழ வேண்டும். பல நாள் வேலை அது. முடித்தபின் துப்பாக்கியின் எண்ணைக் கொக்கியிலோ வளையத்திலோ பொறிப்பார், இரண்டும் ஜோடி என்பதற்கு அடையாளமாக. எடை குறைந்த அலுமினியக் குழாய் வந்தபோது அதில் ஈயப்பற்று ஒட்டாது. அதனால் குழாயின் அடியில் நீளவாக்கில் ஒரு தண்டவாளத்தையே சேர்த்துச் செய்தார்கள். இன்று பெரும்பாலும் வளையம்: 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர், சிலவற்றில் 36. பழைய ஜெர்மன் குழாய்களில் 26 மில்லிமீட்டரை ஒட்டிய விட்டம் சகஜம். அமெரிக்கச் சந்தைக்கென்றே செய்ததில் ஒரு அங்குலம், அதாவது 25.4. ஒரு வெர்னியர் அளவுகோல் இருந்தாலே, எந்தச் சந்தைக்குச் செய்தது என்று பாதி தெரிந்துவிடும்.

1945-க்குப் பின் ஏன் ஒரு வெற்றிடம் இருக்கிறது என்பதும் தேதி பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு 1946 ஜனவரியில் எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்க உத்தரவிட்டது. மறைத்தவருக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம். வேட்டைத் துப்பாக்கிகள் குவியல் குவியலாக வந்தன. உடைக்கப்பட்டன, அல்லது சிப்பாய்களோடு கப்பலேறின. தலைமுறை தலைமுறையாக ஒன்றாயிருந்த துப்பாக்கியும் ஸ்கோப்பும் பிரிந்தது அப்போதுதான். மேற்கு ஜெர்மனியில் புதிய வேட்டைச் சட்டம் 1952 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய சில வருடங்களில் உள்நாட்டு வேட்டைக்காரரை நம்பிப் பெரிதாக யாரும் ஸ்கோப் செய்யவில்லை. அந்த இடைவெளியில் தேதி போடுபவர்கள் அது ஏற்றுமதிச் சரக்கா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்று இந்த ஆராய்ச்சி எவ்வளவோ சுலபமாகியிருக்கிறது. பழைய விலைப்பட்டியல்கள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. சேகரிப்பாளர்கள் குழாய்களின் எண்களைப் பக்கம் பக்கமாகத் தொகுத்திருக்கிறார்கள். முன்பு ஒருவர் வாழ்நாள் முழுவதும் கண்காட்சி கண்காட்சியாக அலைந்து பார்த்த அளவுக்கு, ஒரு மாலையிலேயே படங்கள் பார்க்கலாம். ஆனால் விலையும் ஏறியிருக்கிறது, அதோடு ஏமாற்றும் சேர்ந்து வந்திருக்கிறது. இஸட்.எஃப்.41, இஸட்.எஃப்.4 ஆகியவற்றுக்கு நகல்கள் உண்டு. நகல் என்று சொல்லி நேர்மையாக விற்றதைப் பின்னால் ஒருவர் துருவேற்றிப் பழசாக்குகிறார். நல்ல வேட்டை ஸ்கோப்பில் ராணுவக் கழுகைப் புதிதாக அடித்து விலையை உயர்த்துகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காரியம். போலி முத்திரை பணத்தை மட்டும் திருடுவதில்லை. உண்மையான ஒரு வேட்டைக் குழாயின் வரலாற்றையே நிரந்தரமாக அழித்துவிடுகிறது. பழைய பொறிப்பு கறுப்புப் பூச்சுக்கு முன்பே போட்டது, அதனால் பள்ளத்துக்குள்ளும் கறுப்பு ஒரே சீராக இருக்கும். புதிதாக அடித்தது கறுப்பைக் கிழித்துக்கொண்டு வந்து, விளிம்பில் வெள்ளை உலோகம் மேடாகத் தள்ளியிருக்கும். பத்து மடங்கு பூதக்கண்ணாடி இதற்குப் போதும்.

இன்னொரு சேதமும் நடக்கிறது, நல்லெண்ணத்தோடே. வீட்டில் கிடைத்ததை விற்பதற்கு முன் ‘சுத்தம்’ செய்கிறார்கள். மெருகுப் பசை போட்டுத் தேய்க்கும்போது ஆழமில்லாத சின்ன எழுத்துகள்தான் முதலில் போகும்; மேலே சொன்னபடி, தேதி சொல்பவையும் அவைதான். கண்ணாடி மங்கியிருக்கிறது என்று திருகிக் கழற்றுகிறார்கள். அந்த மங்கல் பெரும்பாலும் இரண்டு லென்ஸை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசின் விட்டுப்போனது. துடைத்தால் போகாது. கழற்றியவர் கையில் லென்ஸ் முன்பின்னாக மாறிவிடும்.

இன்றைய ஸ்கோப்பை நினைத்துப் பார்க்கிறேன். பல அடுக்குப் பூச்சால் 90 சதவீதத்துக்கு மேல் ஒளி கண்ணுக்கு வருகிறது. உள்ளே மந்த வாயு அடைத்திருப்பதால் பனி படர்வதில்லை. நடுவில் மின்புள்ளி ஒளிர்கிறது. சிலவற்றில் லேசர் தூரம் அளந்து, கைபேசிச் செயலி கணக்குப் போட்டுத் தருகிறது. வேட்டைக்கருவி என்ற அளவில் பழையது இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் புதியதன் உடலில் காலம் சொல்லும் ஒன்றுமே இல்லை. மயிரிழை எழுத்தில் ஒரு வரிசை எண் மட்டும் உண்டு. அந்த எண்ணுக்குப் பொருள் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. கெர்ட்ஸைப் போல அந்த நிறுவனமும் ஒருநாள் இன்னொன்றில் கரைந்தால் எண்ணைப் படிப்பவர் யார்? மின்கலம் வேலை செய்யாமல் போய், செயலி நின்றுபோன ஒரு ஸ்கோப் 2100-ல் யார் அலமாரியிலாவது கிடைத்தால், அதன் வயதைச் சொல்ல எந்தச் சட்டத்தின் எழுத்தும், எந்தப் பட்டறைக்காரரின் பொறிப்பும் அதில் இருக்காது.

பழையதில் எப்படி முடிவுக்கு வருவது என்பதற்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஃகுக் குழாய். ‘கார்ல் ஸைஸ் யேனா’, ‘ஸீல்ஃபீர்’, டி.ஆர்.பி. ஒற்றைக் குமிழ். ஈயப்பற்று வளையம், கொக்கிக் கால். கழுகு இல்லை. கண்ணாடி நீலம். டி.ஆர்.பி. இருப்பதால் 1945-க்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். நீலக் கண்ணாடியைப் பார்த்து உடனே போர்க்காலம் என்றுவிட ஆசை வரும். உள் லென்ஸ்களை ஒரு கைவிளக்கால் பார்க்கிறோம். உள்ளே பிரதிபலிப்பு வெள்ளையாக இருக்கிறது. ஆகவே பூச்சு பிற்பாடு வந்தது, தேதிக்கு உதவாது. முன்கொக்கியின் அடியில் தேய்ந்த ஓர் எண். அதே எண் உள்ள துப்பாக்கி, அதிர்ஷ்டவசமாக, இன்னொரு கிளைக் குடும்பத்தில் இருக்கிறது. ஸூல் நகரத் துப்பாக்கிச் சோதனைச் சாலை குழலின் அடியில் மாதமும் வருடமும் அடிக்கும் வழக்கம் இருந்தது. அங்கே ‘3.37’ என்று தெரிகிறது. 1937 மார்ச்சில் குழல் சோதனையானது. அதற்குப் பிறகுதான் ஸ்கோப் அதில் பூட்டப்பட்டிருக்க முடியும். குழாய் அதைவிடச் சில வருடம் மூத்ததாகவும் இருக்கலாம், ஏனென்றால் நல்ல ஸ்கோப்பைப் பழைய துப்பாக்கியிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொள்வார்கள். சீட்டில் எழுத வேண்டியது: ஸைஸ், யேனா, குழாய் 1945-க்கு முன், பெரும்பாலும் 1930-கள், இந்தத் துப்பாக்கியில் 1937 மார்ச்சுக்குப் பின், வெளிப்பூச்சு போருக்குப் பின் போட்டதாக இருக்கலாம். அந்தச் சீட்டில் துப்பாக்கி எண்ணையும் எழுதி, ஸ்கோப்போடு ஒரே பெட்டியில் வைத்துவிட வேண்டும்.